அபிப்பிராயம் ஆறட்டும்

பரணிதரனுக்கு ஒரு பாட்டுத் தொகுப்பு பிடித்துப்போய்விட்டது. அவர் மேல் வேறு குற்றம் எதுவும் இல்லை. வரி பாக்கி கிடையாது, தெருவில் யாரோடும் வாய்த்தகராறு கிடையாது. செங்கல்பட்டில் காலையில் மின்சார ரயில் ஏறி, பொத்தேரியில் இறங்கி, அங்கே ஒரு தனியார் மாணவர் விடுதியின் அலுவலகத்தில் உட்கார்ந்து, சாம்பாரைப் பற்றிப் பையன்கள் சொல்லும் அபிப்பிராயங்களைக் கணினியில் ஏற்றுவது அவர் வேலை. உப்பு குறைவு, நீர்த்திருக்கிறது, ஆறிப்போய் வந்தது என்று ஊரார் அபிப்பிராயத்தையே வருடக்கணக்கில் பதிவு செய்த மனிதருக்குத் தனக்கென்று ஒன்று வந்தது அந்த ஐப்பசி மாதத்தில்தான். வராமலே இருந்திருக்கலாம் என்பது என் கட்சி.

தொகுப்பின் பெயர் 'ஞாயிறு மதியம்'. கோவளத்தில் ஜெபகுமார் என்ற இளைஞன் தன் வீட்டு மாடியறையில் தானே எழுதி, தானே பாடி, தானே கீபோர்டு வாசித்துப் பதிவு செய்து இணையத்தில் போட்டிருந்தான். மொத்தம் ஆறு பாட்டு. ஐந்தாவது பாட்டின் நடுவில் வார்த்தைகளை விட்டுவிட்டுச் சும்மா முனகிக்கொண்டே போவான். பின்னால் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும். அதையும் அப்படியே விட்டிருந்தான். பரணிதரன் ரயிலில் நின்றபடி அதைக் கேட்டார். யாரோ தன் வீட்டு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துத் தன்னிடமே திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தபோது பொத்தேரி போயிருந்தது. கூடுவாஞ்சேரியில் இறங்கித் திரும்பி வந்தார். மேலாளர் திட்டியது அவர் காதில் ஏறவே இல்லை.

பாட்டு இருந்த பக்கத்தின் அடியில் ஜெபகுமார் ஒரு குறிப்பு எழுதியிருந்தான். 'இது என் முதல் தொகுப்பு. எங்க வூட்டுல எல்லாரும் நல்லா இருக்குன்னுட்டாங்க, அதனால நம்ப முடியல. வெளியாள் ஒருத்தர் நுண்செவியில நாலு வார்த்தை நல்லதா எழுதினா ரெண்டாவது தொகுப்பு செய்வேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்பேன். இல்லேன்னா நெல்லூர்ல மாமா கடையில இறால் தீவனம் விக்கப் போயிடுவேன். கேட்டதுக்கு நன்றி.'

பரணிதரன் சுற்றுமுற்றும் பார்த்தார். வெளியாள் என்று அங்கே வேறு யாரும் இல்லை.

நுண்செவியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அதன் முழுப்பெயர் 'நுண்செவி இணையவழி இசைத்தொகுப்பு மதிப்புரை மன்றம்'. உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். திருப்பூர்க்காரர், துபாய்க்காரர், டொராண்டோக்காரர் எல்லாம் உண்டு. தலைமையகம் மட்டும் புதுப்பட்டினத்தில், தலைவர் கோபாலகிருஷ்ணனின் வீட்டு மாடியில். அவர் ஒரு பெரிய அணுமின் ஆலையில் பாதுகாப்புத் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபத்தான எதுவும் கசிந்து வெளியே வராமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கடைசிவரை எதுவும் வரவில்லை. அந்த மட்டில் அவரை நான் மதிக்கிறேன்.

ஓய்வு பெற்ற மறுநாள் காலையில், பார்த்துக்கொள்ள எதுவும் இல்லாமல், அவர் கைபேசியைத் திறந்திருக்கிறார். ஜனங்கள் பாட்டைக் கேட்ட கையோடு 'சூப்பர்', 'செம', 'அழுதுட்டேன்' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். தடுப்புச் சுவர் இல்லை, கவச உடை இல்லை, குழந்தைகள் இருக்கிற வீடு என்ற எண்ணம் இல்லை. அவருக்கு உடம்பே நடுங்கிவிட்டதாக மன்றத்தின் வரலாற்றுப் பக்கம் சொல்கிறது. அன்றைக்கே மன்றம் பிறந்தது. 'ரசனை ஒரு சக்தி. கசிந்தால் கேடு' என்பது அதன் முகப்பு வாசகம். ஆலைக்கு வேண்டிய விதிகள் பாட்டுக்கு எதற்கு என்று ஆரம்பத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். அவர்கள் இப்போது உறுப்பினர்களாக இல்லை.

பரணிதரன் இதெல்லாம் தெரியாமல் உள்ளே நுழைந்தார். சேர்ந்ததும் அவருக்கு ஒரு ரசனை அளவட்டை தந்தார்கள். ஒரு உறுப்பினர் ஓர் ஆண்டில் எவ்வளவு ரசிக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு இருந்தது. அவர் அதைப் படிக்கவில்லை. நேராக மதிப்புரைப் பெட்டிக்குப் போய் எழுதினார்.

'ஞாயிறு மதியம். ரொம்ப நல்லா இருக்கு. அஞ்சாவது பாட்டைக் கேட்டுக்கினே பொத்தேரில இறங்க மறந்து கூடுவாஞ்சேரி போயிட்டேன். எல்லாரும் கேளுங்க.'

அனுப்பிய கையோடு அது மறைந்தது. பதில் வந்தது. 'தங்கள் அபிப்பிராயம் மிகவும் சூடாக உள்ளது. பொதுநலன் கருதி அது குளிர்விப்புத் தொட்டிக்கு மாற்றப்பட்டுள்ளது. ஆறும் வரை தாங்கள் இதே அபிப்பிராயத்தைக் குடும்பத்தார் உட்பட எவரிடமும் வெளியிட வேண்டாம். மீறினால் அபிப்பிராயம் செல்லாத தரிசாக அறிவிக்கப்படும்.' பக்கத்திலேயே ஒரு வெப்பமானியின் படம் இருந்தது. சிவப்புக் கோடு உச்சியில் நின்றது.

அவர் மனைவி துர்காதேவி மறுநாள் காலையில் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள்.

"இன்னாங்க, அந்தப் புள்ளைக்கு எழுதிப் போட்டீங்களா?"

"போட்டேன். தொட்டில கீது."

"எந்தத் தொட்டில?"

"ஆறணுமாம்."

"நல்லா இருக்குன்னுதான எழுதுனீங்க. அதுல சுடறதுக்கு இன்னா கீது?"

"அதைப்பத்தி உங்கிட்ட பேசக் கூடாதாம் துர்கா."

துர்காதேவி டப்பாவை மேசையில் வைத்தாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் அவளிடம் எதைப் பற்றியும் பெரிதாகப் பேசியதில்லை. ஒரு பாட்டைப் பற்றி இரண்டு நாளாகச் சிரித்த முகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். அதுவும் போயிற்று. "எவன் கட்டுன தொட்டியோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பரணிதரன் தினமும் ரயிலில் வெப்பமானியைத் திறந்து பார்த்தார். கோடு இறங்கவே இல்லை. சில நாள் ஏறவும் செய்தது. கார்த்திகை பாதி போன பிறகு ஒரு மதியம் கைபேசி அடித்தது. மன்றத்தின் செயலாளர் சங்கரி. சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். மன்றத்துக்காகத் தன் சாப்பாட்டு நேரத்தைத் தியாகம் செய்பவர்.

"பரணிதரன் சார், உங்க அபிப்பிராயத்தோட டிக்கெட் ரொம்ப நாளா ஓபன்ல இருக்கு. தொட்டில இருக்கறப்போ அந்த ஆல்பத்தைத் திரும்பக் கேட்டீங்களா?"

"கேட்டேன் மேடம்."

"எத்தனை தடவை?"

"பாட்டாச்சே மேடம், எண்ணலியே."

"அதான் சார், ஒவ்வொரு தடவையும் ரீஹீட் ஆயிருக்கு. மொதல்லேருந்து கவுன்ட் ஸ்டார்ட் ஆகும்."

"புடிச்சுதுன்னா மறுபடி கேக்கத்தான செய்வாங்க?"

"பிடிச்சிருக்குங்கறதுதான் சார் இஷ்யூவே. பிடிக்காதவங்க டிக்கெட்லாம் சேம் டே க்ளோஸ் ஆயிடுது."

பரணிதரன் கொஞ்சம் யோசித்துக் கேட்டார். "மேடம், நீங்க அதைக் கேட்டீங்களா?"

 சங்கரி குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எனக்கு லிமிட் முடிஞ்சுடுச்சு சார். போன வருஷம் ஒரு ஆல்பம் கேட்டு லேசா கண்ணு கலங்கிடுச்சு. கூட இருந்தவங்களே ரிப்போர்ட் பண்ணிட்டாங்க. அதுலேருந்து நான் பிராசஸ் மட்டும்தான் பாக்கறேன்."

அவர் அழுதது நல்ல பாட்டுக்காகத்தான் இருக்கும் என்று பரணிதரனுக்குத் தோன்றியது. அது என்ன பாட்டு என்று கேட்பதற்குள் சங்கரி தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி செயலாளர் ஆகிவிட்டார்.

"இன்னொரு விஷயம் சார். ஆர்ட்டிஸ்ட் கோவளம். நீங்க செங்கல்பட்டு. ரெண்டும் ஒரே மாவட்டம். உறவுக்காரரா இருக்கலாம்னு சிஸ்டம் ஃப்ளாக் பண்ணுது."

"அவங்க சர்ச்சுக்குப் போறவங்க. நாங்க அம்மன் கோயில் ஆளுங்க. எங்கேருந்து மேடம் உறவு?"

"நட்பு இருக்கலாமே சார்."

"அந்தத் தம்பிய நான் கண்ணால பாத்தது கெடயாது."

"அதை நீங்க சொல்லக் கூடாது, அவர் சொல்லணும். 'இவரை எனக்குத் தெரியாது'ன்னு ஆர்ட்டிஸ்ட் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்ட அறிமுகமின்மைச் சான்று ஒண்ணு வேணும்."

"என்னைத் தெரியாதவரு எனக்கு எப்படி மேடம் எழுதித் தருவாரு?"

"அது அப்ளிகன்ட் பாத்துக்க வேண்டியது சார்" என்று சங்கரி போனை வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பரணிதரன் பஸ் ஏறினார். திருப்போரூரில் மாறி, கேளம்பாக்கத்தில் மாறி, கோவளம் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. நாலு பேரைக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்து மாடிக்குப் போனார். கதவைத் திறந்தவன் ஒல்லியாக, பனியனோடு, தூக்கம் கலையாத முகத்தோடு நின்றான்.

"யாரு வோணும்?"

"தம்பி, என்னை உங்களுக்குத் தெரியாது."

"தெரியலியே அண்ணாத்த."

"அதையே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தீங்கன்னா நான் போயிடுவேன்."

ஜெபகுமார் அவரை மேலும் கீழும் பார்த்தான். "லோன் ஆபீஸா?" என்று கேட்டான். பரணிதரன் விஷயத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவன் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

"கேட்டீங்களா? ஆறு பாட்டும்?"

"ஆறும்."

"கேட்டுட்டு எழுதி வேற கீறீங்களா?"

"எழுதிட்டேன். தொட்டில கீது."

"இன்னா எழுதுனீங்க? எந்த எடம் உங்களுக்கு..."

பரணிதரன் வாயைத் திறந்தார். ரயில், கூடுவாஞ்சேரி, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. எவரிடமும் வெளியிட வேண்டாம் என்ற வாசகம் ஞாபகம் வந்தது. வெளியிட்டால் அபிப்பிராயம் தரிசு. தரிசானால் பையன் நெல்லூர்.

"சொல்லக் கூடாது தம்பி" என்றார். தலையைக் குனிந்துகொண்டார்.

அவனும் புரிந்துகொண்டவன்போலத் தலையாட்டினான். "வேணாம் வேணாம். எழுத்துலயே வரட்டும்" என்றான். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, 'செங்கல்பட்டு பரணிதரன் என்பவரை எனக்கு அறவே தெரியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அதற்குள் கீழேயிருந்து அவன் அம்மா ஜெகதாம்பாள் ஏறி வந்துவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் இந்து. பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

"யாருடா இவுரு?"

"தெரியாதும்மா. என் பாட்டக் கேட்டுகீறாரு."

அவ்வளவுதான். என் பையன் பாட்டைக் கேட்டவர் சாப்பிடாமல் போகக் கூடாது என்று உட்கார்த்திவைத்து, கலங்கிய கண்ணோடு வஞ்சிரம் குழம்பு ஊற்றினாள். சாப்பிட்ட பிறகு ஜெபகுமார் கீபோர்டுமுன் உட்கார்ந்தான். "இது ரெண்டாவதுக்குப் போட்டது. பாதிதான் ஆயிருக்குது. எழுத்து வந்துச்சுன்னா முடிச்சுடுவேன்" என்று சொல்லி வாசித்தான். பரணிதரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அளவட்டையில் மிச்சம் இருக்கிறதோ என்னவோ. அவருக்கு அழுகை வந்ததை அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

மன்றத்தின் ஆண்டுக் கூட்டம் மார்கழி ஆரம்பத்தில் மாமல்லபுரத்தில் நடந்தது. கடற்கரை விடுதி ஒன்றின் அரங்கம். நிலுவையில் இருக்கும் சூடான அபிப்பிராயங்களை அங்கேதான் விசாரிப்பார்கள் என்பதால் பரணிதரன் விடுப்புப் போட்டுவிட்டுப் போயிருந்தார். வாசலில் எல்லாருடைய காதொலிப்பானையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மேடையின் இரண்டு பக்கமும் இருந்த பெரிய ஒலிபெருக்கிகளைத் துணியால் கட்டி அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். அலைச் சத்தம் உள்ளே வருகிறது என்று யாரோ புகார் சொன்னதும் ஜன்னல்களைச் சாத்தினார்கள். கைதட்டல் ஒரு வகைக் கசிவு என்பதால் அதற்குப் பதிலாக வலது கையை அரை அடி உயர்த்த வேண்டும்.

கோபாலகிருஷ்ணன் பேசினார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேச்சு.

"நண்பர்களே, நமது மன்றம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை ஒரு பாராட்டுகூடக் கட்டுப்பாடின்றி வெளியேறியதில்லை. கட்டுப்பாட்டோடு எத்தனை வெளியேறியது என்று சில விஷமிகள் கேட்கிறார்கள். அதுவும் இல்லை. பூஜ்யம் நமது இலக்கு. அதை முதல் ஆண்டிலேயே அடைந்துவிட்டோம். தக்கவைத்துக்கொள்வதில்தான் நமது திறமை இருக்கிறது."

கைகள் அரை அடி உயர்ந்தன.

"நீங்கள் கடைசியாக எப்போது பாட்டுக் கேட்டீர்கள் என்று என்னைக் கேட்கிறார்கள். மன்றம் தொடங்கிய பிறகு கேட்டதில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். கேட்டால் ஏதாவது ஒன்று பிடித்துவிடக்கூடும். பிறகு நடுநிலைமை எங்கே இருக்கும்? என் பேத்தி வீட்டில் பாடுவாள். அவள் ஆரம்பித்ததும் நான் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். குழந்தைக்கு விஷயம் புரிந்துவிட்டது. இப்போதெல்லாம் அவள் பாடுவதில்லை. தலைமை என்றால் முன்மாதிரியாக இருக்க வேண்டும்."

அப்போதும் கைகள் உயர்ந்தன. பரணிதரன் கை உயரவில்லை. அவர் சான்றைச் சட்டைப்பையோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

விசாரணை வந்தது. கோபாலகிருஷ்ணன் தாளை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

"இது யாருடைய கையெழுத்து?"

"ஜெபகுமார் தம்பியோடது சார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் கண்ணெதிரதான் போட்டாரு."

"அப்படியென்றால் அவரை உங்களுக்குத் தெரியும்."

"இதை வாங்கப் போனதாலதான் சார் தெரியும்."

"எதனால் தெரியும் என்பது மன்றத்தின் கவலை இல்லை. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சார்."

"தெரியாது என்கிறது சான்று. ஆக, சான்று பொய். அவர் வீட்டில் ஏதாவது சாப்பிட்டீர்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பரணிதரனுக்கு அது வராது. "வஞ்சிரம் கொழம்பு சார்" என்றார்.

அந்த அரங்கத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு சத்தம் கேட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். சங்கரி தலையைக் கவிழ்த்துக்கொண்டு நடவடிக்கைக் குறிப்பில் மீனின் பெயரை எழுதினார்.

பரணிதரன் கையைக் கூப்பிவிட்டார். "சார், அந்தத் தம்பி கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் பாக்குமாம். எழுத்து வரலேன்னா எல்லாத்தையும் வுட்டுட்டு நெல்லூர் போயிடும். எனக்கு ஒண்ணும் வேணாம் சார். அது மட்டும் வெளிய வந்தா போதும்."

கோபாலகிருஷ்ணன் கல்நெஞ்சர் இல்லை. அவர் முகத்தில் நிஜமான கருணை வந்தது. அதுதான் எனக்கு ஆறாத கோபம். கொடுமைக்காரராக இருந்திருந்தால் பரணிதரன் எழுந்து வந்திருப்பார்.

"உங்கள் அபிப்பிராயத்தை அழிக்க வேண்டும் என்பது எங்கள் நோக்கமே இல்லை" என்றார். "வெப்பத்தைத் தணிக்க ஒரு முறை வைத்திருக்கிறோம். ஒரு பாராட்டுக்கு மூன்று குறை வீதம் உள்ளே செருகினால் சூடு அடங்கிவிடும். ஆலையில் உலைக்குள் தண்டுகளை இறக்குவோம், அதே தத்துவம். குறைகளுக்குச் சான்று எதுவும் வேண்டாம்."

"ஏன் சார்?"

"வேண்டியவன் குறை சொல்லமாட்டான். எனவே குறை சொல்பவன் வேண்டாதவன் என்பது தானாகவே நிரூபணமாகிறது."

கோபாலகிருஷ்ணனுக்குப் பேத்தியைத் தவிரச் சொந்தக்காரர்களே கிடையாதோ என்று எனக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம் உண்டு.

அரங்கத்தின் பின்பக்க அறையில் சங்கரி மடிக்கணினியோடு உட்கார்ந்தார். பரணிதரன் எதிரில் உட்கார்ந்து குறை யோசித்தார். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு குக்கர் சத்தத்தைச் சொன்னார். கோடு கொஞ்சம் இறங்கியது. முனகலைச் சொன்னார். இன்னும் கொஞ்சம் இறங்கியது. அதற்குமேல் என்ன சொல்வது என்று தவித்தபோது அவர் தொழில் கைகொடுத்தது. சாம்பாரின் மேல் பையன்கள் சொன்ன அத்தனையும் வரிசையாக வந்தன. அவருக்கே வெட்கமாக இருந்தது, அவ்வளவு சரளமாக வந்தன. மூலத்தில் இருந்த மூன்று வரிகள் மன்றத்தின் நடைக்கு மாற்றப்பட்டன.

"கடைசி வரி மட்டும் இருக்கட்டும் மேடம். எல்லாரும் கேளுங்கன்னு."

"அது டைரக்ஷன் குடுக்கற மாதிரி இருக்கு சார். லைட்டா சேஃப்டி ஆங்கிள்ல மாத்திக்கறேன். மீனிங் அதேதான்."

"ரொம்ப நல்லா இருக்குன்னு எழுதினேனே?"

"அதையும் வெச்சிருக்கேன் சார். டென்ஸ் மட்டும் மாறுது."

கோடு அடியில் போய் நின்றது. பரணிதரனுக்கு நிம்மதியாக இருந்தது என்றே சொல்ல வேண்டும். எத்தனை குறை இருந்தாலும் நடுவில் ஒரு நல்ல வார்த்தை இருக்கிறது, பையன் அதைக் கண்டுகொள்வான் என்று நம்பினார். மறுநாள் காலையில் முகப்புப் பக்கத்தில் மதிப்புரை வெளிவந்தது.

'ஞாயிறு மதியம். இத்தொகுப்பு நீர்த்துள்ளது. குரலில் உப்பு குறைவு. இசை ஆறிய நிலையில் பரிமாறப்பட்டுள்ளது. ஐந்தாம் பாடலில் பாடகர் வரிகளை மறந்து முனகுகிறார். அண்டை வீட்டுக் குக்கர் ஒலியை நீக்கும் திறனும் காணப்படவில்லை. பயணத்தின்போது இதைக் கேட்டதால் இறங்க வேண்டிய நிலையத்தில் இறங்க இயலாத சிரமம் நேர்ந்தது. நன்றாக இருந்திருக்கக்கூடும். பொதுமக்கள் எச்சரிக்கையுடன் கேட்கவும். மதிப்புரையாளர்: பரணிதரன், செங்கல்பட்டு. சான்று: முழுமையாகக் குளிர்ந்தது.'

மன்றம் கொண்டாடியது. குறைகளுக்குத் தொட்டி இல்லை என்பதால் அபிப்பிராயங்கள் மடை திறந்த மாதிரி வந்து விழுந்தன. டொராண்டோக்காரர் தொகுப்பைக் கேட்காமலேயே உடன்பட்டார். கேட்காததால் அவர் கருத்துக்குக் கூடுதல் மதிப்பெண் கிடைத்தது. திருப்பூர்க்காரர் குக்கர் எத்தனை லிட்டர் என்று ஆராய்ந்தார். துபாயிலிருந்து ஒருவர், இப்படிப்பட்ட பாட்டால் ரயில் பயணிகளுக்கு நேரும் ஆபத்துகள் பற்றித் தொடர் எழுத ஆரம்பித்தார். ஆண்டின் சீரான செவி என்ற பட்டம் பரணிதரனுக்கு அறிவிக்கப்பட்டது. 'டிக்கெட் க்ளோஸ்ட், வாழ்த்துகள் சார்' என்று சங்கரி செய்தி அனுப்பியிருந்தார்.

துர்காதேவி கைபேசியை வாங்கி முழுதும் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"இது நீங்க எழுதுனதா?"

"என்துதான். ஆறிப்போச்சு."

"அந்தப் புள்ள இதைப் படிக்குமே" என்றாள். கைபேசியை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

பரணிதரன் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. பஸ்ஸில் போகும்போதே சொல்ல வேண்டியதை எல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டார். கோவளத்தில் வீட்டு வாசலில் இரண்டு பைகள் இருந்தன. ஜெகதாம்பாள் அவரைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். உட்காரச் சொல்லவில்லை. ஜெபகுமார் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே இறங்கி வந்தான். அவன் முகத்தில் கோபம் இருக்கும் என்று பரணிதரன் எதிர்பார்த்தார். இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வாங்க அண்ணாத்த. உங்களுக்கு போன் போடலாம்னுகினு இருந்தேன், நம்பர் இல்ல."

"தம்பி, அது நான் எழுதுனது கெடயாது. நான் எழுதுனது வேற." பரணிதரன் மடமடவென்று சொன்னார். ரயிலைச் சொன்னார். கூடுவாஞ்சேரியைச் சொன்னார். வார்த்தையை விட்டுவிட்டு அவன் முனகும் இடத்தில் தனக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொன்னார். செத்துப்போன அண்ணனும் தானும் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரே பாயில் படுத்துக் கிடந்ததெல்லாம் அந்த விசில் சத்தத்தில் திரும்பி வந்ததைச் சொன்னார். யாரிடமும், துர்காதேவியிடம்கூட, சொல்லாதது அது. சொல்லும்போது அழுதுவிட்டார். பாதுகாப்பு விதி எதுவும் அப்போது அவர் நினைவில் இல்லை.

ஜெபகுமார் கடைசிவரை பொறுமையாகக் கேட்டான். பிறகு அவர் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

"உங்க மனசு பெருசுண்ணா. ஆனா வேணாம். அன்னிக்கு வந்தப்பவே எந்த எடம் புடிச்சுதுன்னு கேட்டேன். நீங்க தலையக் குனிஞ்சிகினீங்க. ஜன்னல் பக்கம் திரும்பிகினீங்க. மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாமத்தான் தொட்டில கீதுன்னீங்கன்னு எனக்கு இப்பதான் புரியுது."

"ஐயோ, அது இல்ல தம்பி."

"எங்களத் தெரியாதப்ப எழுதுனீங்க பாருங்க, அதான் நெசம். இப்ப எங்க வூட்டுல சாப்ட்டுட்டீங்க. எங்கம்மா கண்ணு கலங்குனதப் பாத்துட்டீங்க. இனிமே நீங்க நல்லாதான் சொல்லுவீங்க. தெரிஞ்சவங்க சொல்றதக் கணக்குல வெச்சா நான் எப்பவோ பெரிய ஆளு."

"அந்த ரெண்டாவதுக்குப் போட்ட பாட்டு?"

"பாதிதான. மறந்துடும்." பைகளை எடுத்துக்கொண்டான். "மொத தொகுப்பையும் காலைல நெட்லேருந்து எடுத்துட்டேன். பாவம், ஜனங்க எறங்க வேண்டிய எடத்துல எறங்கட்டும்."

ஒரு பையைப் பரணிதரன் வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் மெயின் ரோடுவரை நடந்தார்கள். கோயம்பேடு போகிற பஸ் வந்தது. ஜெபகுமார் படியில் ஏறி, பையைக் கை நீட்டி வாங்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி குனிந்து சொன்னான்.

"நீங்க மட்டும் எழுதலேன்னா நான் பாட்டுக்கு இன்னும் பத்து வருசம் பாடிக்கினு கெடந்திருப்பேன் அண்ணாத்த. காப்பாத்துனீங்க."